பழைய தமிழ்ப் படம் பாக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்ற வரிசை

இந்த மே மாச லீவுக்கு அக்கா பொண்ணு எங்க வீட்டுக்கு வந்திருந்தா, பத்தாவது பரீட்சை எழுதி முடிச்ச கையோட. ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும், சித்தி நல்ல பழைய படமா ஒண்ணு போடுங்களேன்னு அவளே கேட்டா. எனக்கு சந்தோஷத்துல தலைகால் புரியல. ஒரு நிமிஷம் கூட யோசிக்காம பாசமலர் போட்டுட்டேன், 1961ல வந்தது, சிவாஜியும் சாவித்திரியும் அண்ணன் தங்கச்சியாவே வாழ்ந்த படம், எங்க அம்மா இன்னைக்கும் அதைப் பாத்தா முந்தானையை எடுத்துக் கண்ணைத் தொடைப்பாங்க. புள்ள பதினஞ்சு நிமிஷம் பாத்துச்சு. அப்புறம் போனை எடுத்துச்சு. அரை மணி நேரத்துல, ஏன் சித்தி இவங்க எல்லாத்தையும் இவ்வளவு சத்தமாவே பேசுறாங்கன்னு கேட்டுட்டுத் தூங்கப் போயிடுச்சு.

எனக்கு அன்னைக்கு ராத்திரி ரொம்ப வருத்தமா இருந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாத்தா அவ மேல கோவப்பட ஒண்ணுமே இல்ல. காரம் தின்னு பழகாத குழந்தைக்கு முதல் நாளே ஆவக்காய் ஊறுகாயை அள்ளித் தட்டுல வெச்சா அது எப்படித் தின்னும்? முதல்ல பருப்பு சாதம், நெய், ஓரத்துல ஒரு அப்பளம், அப்படித்தான போகணும். நான் போட்ட வரிசைதான் தப்பு. அதுக்கப்புறம் ஒரு மாசம் முழுக்க வரிசையை மாத்தி ஒவ்வொண்ணா போட்டுக் காட்டுனேன், அவளே அடுத்து என்னன்னு கேக்குற அளவுக்கு வந்துட்டா. அந்த வரிசையைத்தான் இங்க எழுதுறேன். நான் சினிமா விமர்சனம் எழுதுறவ இல்ல, வேலை முடிஞ்சு வந்து வாரத்துக்கு ரெண்டு படம் பாக்குறவ, சின்ன வயசுல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷன்ல போட்டதை எல்லாம் விடாம பாத்த பழக்கம் இன்னும் போகல, அவ்வளவுதான். அதனால இது முழுக்க என்னோட ருசி, உங்களுக்கு வேற மாதிரி தோணலாம்.

முதல்ல டிவியை சரி பண்ணுங்க

இதை யாருமே சொல்றதில்ல, ஆனா பாதிப் பேருக்குப் பழைய படம் பிடிக்காம போறதுக்கு இதுவே காரணம்னு நான் நெனைக்கிறேன். அந்தக் காலத்துப் படமெல்லாம் கிட்டத்தட்ட சதுரமா எடுத்தது. இப்ப நம்ம வீட்டு டிவி அகலம். சும்மா போட்டா அது படத்தை ரெண்டு பக்கமும் இழுத்து ரொப்பிடும், பத்மினி முகமே பூரி மாதிரி உப்பித் தெரியும், எல்லாரும் குட்டையா குண்டா நடப்பாங்க. ரிமோட்ல பிக்சர் சைஸ்னு ஒண்ணு இருக்கும், அதுல போய் 4:3 இல்லன்னா ஒரிஜினல்னு மாத்துங்க. ரெண்டு ஓரத்துலயும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும், அதுதான் சரியான அளவு. சில பேர் யூடியூப்ல ஏத்தும்போதே மேலயும் கீழயும் வெட்டி அகலமாக்கிப் போட்டிருப்பாங்க, அதைத் தொடாதீங்க, டான்ஸ் படத்துல காலையே வெட்டிட்டா அப்புறம் என்னத்தைப் பாக்குறது. ஒரே படம் நாலஞ்சு பேர் போட்டிருப்பாங்க, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு நிமிஷம் ஓட்டிப் பாத்து எதுல முகம் தெளிவா, வசனம் இரைச்சல் இல்லாம கேக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் உக்காருங்க. இதுக்கு ஆகுற பத்து நிமிஷத்தை மிச்சம் பண்ணாதீங்க.

சவுண்டும் அப்படித்தான். ஹெட்போன்ல கேட்டா பழைய ஒலிப்பதிவோட கரகரப்பு காதுக்குள்ளயே உக்காந்துக்கும், ஸ்பீக்கர்ல போட்டு ட்ரெபிளை கொஞ்சம் குறைச்சு வைங்க, வசனம் இதமா வரும்.

அவ கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிடறேன், ஏன் சத்தமா பேசுறாங்கன்னு. சிவாஜி, எம்.ஜி.ஆர். எல்லாம் சின்னப் பையனா இருக்கும்போதே நாடகக் கம்பெனியில சேந்து வளந்தவங்க. கடைசி வரிசையில தரையில உக்காந்திருக்கிற ஆளுக்கும் கேக்கணும், மைக்கை நம்ப முடியாது, முகத்துல வர்ற உணர்ச்சியும் அவ்வளவு தூரம் தெரியணும். அந்தப் பழக்கத்தோட கேமரா முன்னாடி வந்தவங்க. பாக்க வந்த ஜனங்களுக்கும் நாடகம்தான் பழக்கம், வசனத்தைக் காது குளிரக் கேக்கணும்னே டிக்கெட் எடுத்தாங்க. இதை முன்னாடியே சொல்லிட்டா புள்ளைங்க அதை ஒரு பாணின்னு எடுத்துக்குவாங்க.

சிரிப்புல ஆரம்பிங்க

முதல் படம் காதலிக்க நேரமில்லை. வேற எதையும் யோசிக்காதீங்க. 1964, ஸ்ரீதர் டைரக்‌ஷன், கலர் படம், அதனால கறுப்பு வெள்ளைன்னு மூஞ்சி சுளிக்கவும் வழியில்ல. பாதிப் படம் ஆழியாறு பக்கம் வெளிச்சமா பளிச்சுனு எடுத்திருப்பாங்க. கதைன்னு பெருசா ஒண்ணும் இல்ல, பணக்கார எஸ்டேட் அப்பா, ரெண்டு பொண்ணு, அதுங்களைக் கட்டிக்க ஆள்மாறாட்டம் பண்ற பசங்க. நடுவுல அந்த அப்பாவோட புள்ளையா நாகேஷ், ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்னு கம்பெனி ஆரம்பிச்சுப் படம் எடுக்கணும்னு அப்பாவோட காசுக்கு அலையுற செல்லப்பா.

அந்தப் படத்துல நாகேஷ் அவர் அப்பா பாலையாவுக்கு ஒரு பேய்க் கதை சொல்லுவார் இல்லையா, அந்த சீனை ரெண்டு தடவை பாக்கணும், நான் அவளுக்கு அப்படித்தான் காட்டுனேன். முதல் தடவை எல்லாரும் நாகேஷைத்தான் பாப்போம், கையை ஆட்டி, கண்ணை உருட்டி, எல்லா சத்தத்தையும் வாயாலயே போட்டு மனுஷன் ஒத்தை ஆளா ஒரு முழுப் படத்தையே ஓட்டிக் காட்டிடுவார். ரெண்டாவது தடவை நாகேஷை விட்டுட்டு பாலையா முகத்தை மட்டும் பாருங்க. ஆரம்பத்துல புள்ள என்னமோ உளறுறான்னு சலிப்பா இருக்கிற முகம், மெல்ல மெல்ல கதைக்குள்ள விழுந்து, பயந்து, அடுத்து என்ன ஆச்சுன்னு கேக்காம இருக்க முடியாம தவிக்கிறது எல்லாம் கண்ணுலயே நடக்கும். பேசுறவரை விட கேக்குறவர் பெரிய வேலை பண்ணியிருப்பார். ஒரு நடிகர் சும்மா உக்காந்து கேக்குறதுலயே இவ்வளவு செய்ய முடியும்னு எனக்குப் புரிஞ்சது அந்த சீன்லதான், அவளும் ரெண்டாவது தடவைதான் விழுந்து விழுந்து சிரிச்சா.

இது பிடிச்சுதுன்னா காசேதான் கடவுளடா, 1972, தேங்காய் சீனிவாசன் போலிச் சாமியாரா வர்ற படம். காதலிக்க நேரமில்லைக்கு சிரிப்பு எழுதுன சித்ராலயா கோபுவே டைரக்ட் பண்ணது, அதனால கை மணம் ஒண்ணா இருக்கும். அப்புறம் 1981 தில்லு முல்லு, அதே தேங்காய் சீனிவாசன் முதலாளி, ரஜினி மீசைக்காக ஒரு பொய் சொல்லிட்டு அந்தப் பொய்யைக் காப்பாத்த இன்னும் பத்து பொய் சொல்லுவார். ரஜினியை ஸ்டைலுக்காக மட்டும் தெரிஞ்ச புள்ளைங்களுக்கு இவர் இவ்வளவு சிரிக்க வைப்பாரான்னு ஆச்சரியமா இருக்கும். கடைசியா மைக்கேல் மதன காம ராஜன், 1990, கமல் நாலு வேஷம், கிரேஸி மோகன் வசனம். இதுல ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடுங்க, ஒரு ஜோக்குக்கு சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு ஜோக் தாண்டிப் போயிடும், அதனால முதல் தடவை எல்லாம் பிடிபடலைன்னு கவலைப்பட வேண்டாம். நான் அதை எத்தனை தடவை பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல, போன மாசம் பாத்தப்ப கூட சமையக்கார காமேஸ்வரன் வாயைத் தொறந்தா வர்ற பாலக்காட்டு இழுவையில புதுசா ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சு.

நாலையும் ஒரே வாரத்துல போட்டுத் தள்ளாதீங்க. ரெண்டு போதும். மிச்சத்தை வெச்சுக்கோங்க, பின்னாடி ஒரு அழுகைப் படம் பாத்துட்டு மனசு கனமா இருக்கிற நாளுக்கு ஆகும்.

அடுத்து மாயா பஜார்

இதுதான் கறுப்பு வெள்ளைக்குள்ள கூட்டிட்டுப் போற வாசல். 1957, கே.வி.ரெட்டி, தமிழ் தெலுங்கு ரெண்டுலயும் எடுத்தாங்க. கடோத்கஜனா ரங்காராவ் கல்யாண விருந்து மொத்தத்தையும் ஒத்தை ஆளா காலி பண்ற பாட்டு, திருச்சி லோகநாதன் பாடுனது, உங்களுக்குத் தெரியாம இருக்காது, கல்யாண வீட்டுல பந்தி நடக்கும்போது இன்னைக்கும் யாராவது ஒருத்தர் முணுமுணுப்பாங்க. லட்டு தானா கிளம்பி வாய்க்குள்ள போகும், தட்டு நகரும், ஆள் பெருசாவான் சின்னதாவான். கம்ப்யூட்டர்னு ஒரு சாமானே ஸ்டுடியோவுல இல்லாத காலத்துல மார்கஸ் பார்ட்லி கேமராவுக்குள்ளயே பண்ண வேலை. எப்படி எடுத்திருப்பாங்கன்னு நிறுத்தி நிறுத்திப் பேசிக்கிட்டே பாருங்க, இந்த ஒரு படத்துக்கு மட்டும் பாஸ் பண்ணிப் பாக்கலாம்னு நான் அனுமதி குடுக்கிறேன்.

ஆனா எனக்கு இதுல மாயத்தை விடப் பெருசு சாவித்திரி. கல்யாணப் பொண்ணு வத்சலா உருவத்துல கடோத்கஜன் வந்து உக்காந்திருப்பான், அதாவது வெளிய பாத்தா பட்டுப்பொடவை கட்டுன பொண்ணு, உள்ள இருக்கிறது ராட்சசன். அதை அந்தம்மா காட்டுறதைப் பாருங்க, நடை, கையைத் தொடையில ஊனுற விதம், யாரும் பாக்காதப்ப திமிரா ஒரு பார்வை, பாத்ததும் டக்குனு வெக்கம். பாசமலர்ல சாவித்திரியை அரை மணி நேரம் கூட முழுசா பாக்காத புள்ள, இந்தப் படம் முடிஞ்சதும் இவங்க நடிச்ச வேற படம் இருக்கான்னு கேட்டா. நான் ஒண்ணும் சொல்லல, இருக்குன்னு மட்டும் சொன்னேன்.

தெலுங்கு மாயா பஜாருக்கு 2010ல கலர் ஏத்தி ரிலீஸ் பண்ணாங்க. வேலை சுத்தமாத்தான் இருக்கும், ஆனா முதல் தடவை கறுப்பு வெள்ளையிலேயே பாருங்கன்னு கேட்டுக்கிறேன், பார்ட்லி நிழலையும் நிலா வெளிச்சத்தையும் கணக்குப் போட்டு வெச்சது அதுக்காகத்தான்.

பாட்டே வேண்டாம்ங்கிறவங்களுக்கு

பழைய படம்னாலே பத்து பாட்டு இருக்கும், ஃபார்வேர்டு பண்ணியே கை வலிக்கும்னு சொல்ற கூட்டம் ஒண்ணு இருக்கு. அவங்களுக்கு அந்த நாள் போடுங்க. 1954ல ஏவிஎம் எடுத்தது, டைரக்‌ஷன் வீணை எஸ்.பாலசந்தர், ஆமா வீணை வாசிச்ச அதே மேதைதான். ஒரு பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது, சண்டை கிடையாது. படம் ஆரம்பிக்கும்போதே சிவாஜி துப்பாக்கிக் குண்டு பட்டு விழுந்து செத்துடுவார், ஹீரோவை முதல் காட்சியிலேயே கொன்னுட்டுக் கதை ஆரம்பிக்கும். 1943ல ஜப்பான்காரன் மெட்ராஸ் மேல குண்டு போட்டான் இல்லையா, அதுக்கு மறுநாள் நடக்குற கொலை. சிஐடி வந்து ஒவ்வொருத்தரா விசாரிப்பார், தம்பி, தம்பி பொண்டாட்டி, பக்கத்து வீட்டுக்காரர், அந்த ஆளோட சிநேகிதி, மனைவி, ஒவ்வொருத்தரும் சொல்லும்போது கொலை வேற வேற மாதிரி நடக்கும். செத்தவன் எப்பேர்ப்பட்ட ஆளுங்கிறது அதுலதான் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும்.

யார் பண்ணதுன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துல தியேட்டர் வாசல்ல விக்கிற பாட்டுப் புத்தகத்துல பாதிக் கதையைப் போட்டுட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்கன்னு முடிச்சிருப்பாங்க, நானும் அதையே சொல்றேன். ஆனா ஒரு எச்சரிக்கை, படம் பாக்குறதுக்கு முன்னாடி கூகுள்ல தேடாதீங்க, முதல் பத்தியிலயே கொலை பண்ணவங்க பேரைப் போட்டு வெச்சிருக்காங்க. லைட்டை அணைச்சுட்டு ராத்திரியில பாருங்க.

நடுவுல கொஞ்சம் பெரிய விருந்து

இவ்வளவு தூரம் வந்தாச்சுன்னா இப்ப தில்லானா மோகனாம்பாள் தாங்கும். 1968, ஏ.பி.நாகராஜன். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடன்ல கலைமணிங்கிற பேர்ல எழுதுன தொடர்கதை, நாதஸ்வரக்காரர் சிவாஜிக்கும் நாட்டியக்காரி பத்மினிக்கும் நடுவுல வர்ற காதல். கிட்டத்தட்ட மூணு மணி நேரம், ஒரே மூச்சுல உக்காராதீங்க, இடைவேளைன்னு கார்டு வர்ற இடத்துல நெஜமாவே நிறுத்தி எழுந்து போய் காபி போட்டுக் குடிச்சுட்டு வாங்க. அந்தப் படங்களை இடைவேளைக்குன்னே கட்டியிருப்பாங்க, அதைத் தாண்டி ஓட்டிக்கிட்டே போனா ரெண்டாவது பாதி இழுக்குற மாதிரி தோணும்.

இந்தப் படத்துக்கு நான் சொல்ற வழி, கதையைப் பின்னாடி போய்த் துரத்தாதீங்க, ஆளுங்களைப் பாருங்க. நாதஸ்வரத்தை வாசிச்சது மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள், ஆனா சிவாஜி கன்னம் உப்புறதையும் விரல் ஓடுறதையும் பாத்தா அந்த மூச்சு அவரோடதுன்னுதான் சத்தியம் பண்ணுவோம். தவில் பாலையா, ரயில்ல வர்றப்ப அவர் பண்ற சேட்டை தனிப் படம். வைத்திங்கிற ஆளா நாகேஷ், பாத்தாலே பத்திக்கிட்டு வரும், அவ்வளவு நெஞ்சறிஞ்ச கெட்டவன், சிரிச்சுக்கிட்டே செய்வான். ஜில் ஜில் ரமாமணியா மனோரமா, என்னைக் கேட்டா படத்தைத் தூக்கிட்டுப் போறது அவங்கதான், நாடகக் கொட்டகையில பொழப்பு நடத்துற ஒரு பொம்பளையோட கலகலப்பும் அவ மனசுக்குள்ள இருக்கிற மரியாதையும் ரெண்டும் ஒரே குரல்ல கேக்கும்.

நலந்தானா பாட்டு வரும்போது ஒரு சின்ன விஷயம். சுசீலா குரல், கண்ணதாசன் வரி. கையில காயம் பட்டுத் திரும்பி வந்த மனுஷன் நாதஸ்வரத்தோட உக்காந்திருக்கார், எதிர்ல ஆடுறவ ஊர் உலகத்துக்கு முன்னாடி அவனை நேரா விசாரிக்க முடியாது, அதனால ஆட்டத்துக்குள்ள வெச்சுக் கேக்குறா, உடம்பு எப்படி இருக்கு, மனசு எப்படி இருக்குன்னு. கண்ணால பதில் சொல்றார். பக்கத்துல தவிலோட பாலையா கண்ணு கலங்கிக்கிட்டு வாசிப்பார், எல்லாம் தெரிஞ்ச பெரியவர் மாதிரி. ஐ லவ் யூன்னு சொல்லாம இப்படியும் சொல்லலாமான்னு புள்ள கேட்டா. எங்க அம்மாவும் அன்னைக்குப் பக்கத்துல இருந்தாங்க. ஊர்ல டூரிங் டாக்கீஸ்ல மணலைக் குவிச்சு மேல உக்காந்து இதைப் பாத்தாங்களாம், முன்னாடி இருந்தவன் இன்னும் உசரமா குவிச்சுட்டான்னு சண்டை வந்து பாதிப் பாட்டு தெரியாம போயிடுச்சாம். இது வரைக்கும் எங்க யார்கிட்டயும் சொன்னதே இல்ல. வீட்டுல பெரியவங்க இருந்தா கண்டிப்பா கூட உக்கார வைங்க, ஆனா கேள்வியை எல்லாம் படம் முடிஞ்ச பிறகு கேளுங்க, நடுவுல கேட்டா கதையை மொத்தமா சொல்லிடுவாங்க.

வசனப் படங்களைக் காதால பாருங்க

இப்பதான் பராசக்தி, திருவிளையாடல் எல்லாம். இதுக்கு ஒரு வித்தை இருக்கு, முதல்ல படத்தைப் போடாதீங்க, வசனத்தை மட்டும் கேக்க வைங்க. ரேடியோவுல ஒலிச்சித்திரம்னு போடுவாங்களே, படத்தோட வசனமும் பாட்டும் மட்டும் சுருக்கி, மத்தியானம் சாப்பிட்டுட்டு வீடே சுத்தி உக்காந்து கேக்கும், அந்த மாதிரி. எங்க ஊர் கோயில் கொடையில குழாய் ஸ்பீக்கர் கட்டுனா முதல்ல திருவிளையாடல் வசனம்தான் ஓடும், ஏழைப் புலவர் தருமியா நாகேஷ் பேசுறது எனக்குப் படம் பாக்குறதுக்கு முன்னாடியே மனப்பாடம். இவளுக்கும் அப்படித்தான் சமையல்கட்டுல வேலை பாத்துக்கிட்டே போன்ல ஓட விட்டேன். கேட்டுக்கிட்டே வெண்டைக்காய் நறுக்குனவ, இது யாரு இப்படி அழுதுக்கிட்டே சிரிக்க வைக்கிறதுன்னு கேட்டா. அப்புறம் படத்தைக் காட்டுனேன். அதுல தருமிகிட்ட குத்தம் கண்டுபிடிக்கிற நக்கீரரா வர்றவர் படத்தோட டைரக்டர் ஏ.பி.நாகராஜனே, இதைச் சொன்னதும் மறுபடி ஒரு தடவை போடச் சொன்னா.

பராசக்தி 1952, சிவாஜிக்கு முதல் படம், கலைஞர் வசனம். முதல் படம்னு சொன்னா நம்ப மாட்டீங்க, கடைசியில வர்ற கோர்ட் சீன்ல குரல் ஏறி இறங்குற அழகைக் கேளுங்க, ஒரு வாக்கியம் முடியுறதுக்குள்ள கோவம், கிண்டல், கெஞ்சல் மூணும் வந்து போகும். நடுவுல சில இடம் எனக்கே மெதுவாத்தான் போற மாதிரி இருக்கும், அதை மறைக்க மாட்டேன். பொறுமை இல்லைன்னா கோர்ட் சீனை மட்டும் தனியா பாத்தாலும் தப்பில்ல. 1948ல வாசன் எடுத்த சந்திரலேகாவுக்கும் அப்படித்தான், முழுசா பிறகு பாத்துக்கலாம், பெரிய பெரிய முரசு மேல ஆடுற அந்த டான்ஸையும், முரசுக்குள்ளேருந்து வீரனுங்க கிளம்பி வர்றதையும் முதல்ல பாத்துடுங்க.

உறுத்துற விஷயங்களை மறைக்காதீங்க

பழைய படம் எல்லாமே தங்கம்னு நான் சொல்ல வரல. பொண்டாட்டியை அறைஞ்சா திருந்திடுவாங்கிற படம், படிச்ச பொண்ணு திமிர் புடிச்சவன்னு காட்டி கடைசியில புருஷன் கால்ல விழ வைக்கிற படம், நிறத்தை வெச்சுப் பண்ற காமெடி, இதெல்லாம் நிறைய இருக்கு, அதுல நல்ல பாட்டும் இருக்கும் நல்ல நடிப்பும் இருக்கும். பொம்பளைப் புள்ளையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அதைப் பாக்கும்போது எனக்கு வயித்தைப் பிசையுது. வரப் போகுதுன்னு தெரிஞ்சா முன்னாடியே சொல்லிடுவேன், இது அப்ப தப்பு இப்பவும் தப்புன்னு. அந்தக் காலம் அப்படின்னு சப்பைக்கட்டு கட்ட மாட்டேன், ஏன்னா அந்தக் காலத்துலயே அப்படி எடுக்காதவங்களும் இருந்தாங்க.

பேச்சு குறையுற இடம்

அப்படிப்பட்ட ஒருத்தர் மகேந்திரன். எனக்கு இவர் மேல ஒரு தனி மரியாதை, சிவாஜியோட தங்கப்பதக்கத்துக்கு அடுக்கடுக்கா வசனம் எழுதுன மனுஷன், தானே டைரக்ட் பண்ண வந்தப்ப வசனத்தை வழிச்சுப் போட்டுட்டு முகத்தையும் மலையையும் காட்டுனார். முள்ளும் மலரும், 1978, உமாசந்திரன் நாவல், பாலு மகேந்திரா கேமரா, இளையராஜா. மலையில ஏறி இறங்குற விஞ்ச் வண்டி ஓட்டுற காளியா ரஜினி, தங்கச்சி வள்ளியா ஷோபா. பாசமலர் மாதிரியே அண்ணன் தங்கச்சிக் கதைதான், ஆனா இந்த அண்ணன் நல்லவன்னு யாரும் சான்றிதழ் குடுக்க மாட்டாங்க, முரட்டுப் பய, வீம்பு, தனக்கு மேல இருக்கிற இன்ஜினியர்னா ஆகாது. கடைசி நிமிஷம் வரைக்கும் அவன் மாறவே மாட்டான், உங்களை எனக்குப் பிடிக்கலைன்னு முகத்துக்கு நேராவே சொல்லுவான், சொல்லிக்கிட்டே அவன் செய்யுற காரியத்தைப் பாருங்க. உங்களுக்குப் பிடிச்ச டைரக்டர் யாருன்னு பாலசந்தர் மேடையில கேட்டப்ப ரஜினி மகேந்திரன் பேரைத்தான் சொன்னார், இந்தப் படத்தைப் பாத்தா ஏன்னு தெரியும்.

அடுத்த வருஷமே வந்த உதிரிப்பூக்களை உடனே போடாதீங்க, கொஞ்ச நாள் கழிச்சுப் போடுங்க, அது நெஞ்சை ரொம்ப நாள் விடாது. ருத்ரய்யாவோட அவள் அப்படித்தான் கூட 1978தான், அது காலேஜ் போன பிறகு பாக்கட்டும்னு நான் எடுத்து வெச்சிருக்கேன்.

வீடு கட்டி அனுபவப்பட்டவங்க வீட்டுல இருந்தா பாலு மகேந்திராவோட வீடு போடுங்க, 1988. ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பொண்ணு லோன் வாங்கி ஒரு சின்ன வீடு கட்டுறா, அவ்வளவுதான் கதை. பாட்டு கிடையாது, இளையராஜாவோட ஹவ் டு நேம் இட் ஆல்பத்து இசை மட்டும் அங்கங்க வரும். நெஜமாவே ஒரு வீட்டைக் கட்டிக்கிட்டே எடுத்த படம், அர்ச்சனாவுக்கு தேசிய விருது கிடைச்சுது. அதுல தாத்தாவா வர்ற சொக்கலிங்க பாகவதர் ஒரு நாள் தனியா கிளம்பி, பாதி கட்டுன வீட்டைப் பாக்கப் போவார். யாரும் இல்ல. ரூம் ரூமா நடந்து பூசாத சுவரைத் தடவிப் பாப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். எங்க அப்பா இந்த வீட்டுக்குக் கடைக்கால் போட்ட நாள்ல செங்கல்லைத் தொட்டுத் தொட்டுப் பாத்தது அப்படியே ஞாபகம் வந்து நான் கிச்சனுக்கு எழுந்து போயிட்டேன்.

கடைசியா நான் போட்டது புதுப் படம், மணிகண்டனோட கடைசி விவசாயி, 2022. இந்த வரிசையில இது எதுக்குன்னு கேக்கலாம். பராசக்தி கோர்ட்டையும் இந்தக் கோர்ட்டையும் அடுத்தடுத்துப் பாக்கணும், அதுக்காகத்தான். அங்க கூண்டுல நிக்கிறவன் வாயிலேருந்து தமிழ் அருவி மாதிரி கொட்டும். இங்க நிக்கிறது மாயாண்டின்னு ஒரு கிழவர், காது சரியா கேக்காது, மயிலைக் கொன்னு பொதைச்சுட்டார்னு பொய்க் கேஸ், ஜட்ஜம்மா கேக்குற கேள்விக்கு மெதுவா ரெண்டு வார்த்தை சொல்லுவார், மனுஷனுக்குக் கவலை எல்லாம் வயல்ல தண்ணி காட்டாம நிக்கிற நெல்லு மேலதான். நடிச்ச நல்லாண்டி நெஜ விவசாயி, படம் வர்றதுக்கு முன்னாடியே காலமாயிட்டார், அதுக்கப்புறம் தேசிய விருதுல அவரைக் குறிப்பிட்டுப் பாராட்டுனாங்க. ரெண்டு கோர்ட் சீனையும் பாத்துட்டு எது பெருசுன்னு எங்க வீட்டுல ராத்திரி பதினோரு மணி வரைக்கும் விவாதம், அம்மா சிவாஜி பக்கம், புள்ள தாத்தா பக்கம், நான் ரெண்டு பக்கமும் மாறி மாறி இருந்தேன்.

பாசமலரை இன்னும் திரும்பப் போடல. அரைப் பரீட்சை லீவுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கா. அப்ப போடலாம்னு இருக்கேன், நல்ல பிரிண்ட் ஒண்ணு பாத்து வெச்சுட்டேன், 4:3ல.